சுண்ணாம்புக் குறி

இன்று காலை, அகளி ஊருக்கு மேலே மலைக்காட்டில், நான் வரைபடம் போட்டுக் கொடுத்த சமூகக் கூடம் எழப்போகும் இடத்தில் ஜீப்பைவிட்டு இறங்கியதும் கண் கூசியது. அவ்வளவு வெயில்.

காட்டோடு ஒன்றிப்போகிற கூடம் வேண்டுமென்று ஊர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். அதனால் விட்டுவைக்க வேண்டிய மரங்களில் போன வாரம் நானே சுண்ணாம்பால் குறி போட்டிருந்தேன்.

"குறி போட்டதுல ஒண்ணுகூட உடலீங்க, எல்லாம் சாச்சாச்சு" என்றார் கான்ட்ராக்டர், பெருமையாக.

"ஏனுங்க, அதெல்லாம் நிக்கோணும்னுதானுங்க குறி போட்டேன்!"

"காட்டுல மரம் வெட்டற கூப்புல குறி போட்டா வெட்டறதுதானுங்களே வழக்கம்? உடுங்க, கூரைக்கு மரம் வெளிய வாங்க வேண்டியதில்லீங்க."

வெட்டிக் கிடந்த அடிமரங்களில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காடு இனி கூரையாகக் கூடத்தோடு ஒன்றிவிடும். திறப்பு விழாவுக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்? குடை கொண்டுவாருங்கள்.