வேலை வாங்கித் தரும் காலேஜ்

வக்கீல் தொழிலில் முதல் பத்து வருஷம் கறுப்புக் கோட்டு மட்டும்தான் வேலை செய்யும். உள்ளே இருக்கிற ஆள் சும்மா வியர்த்துக்கொண்டிருப்பான். பி.எல். முடித்து, சீனியரின் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு, "அடுத்த வாரம் ஒரு கேஸ் வருது" என்று வீட்டில் புளுகிக்கொண்டிருக்கும் ஜூனியர் சகோதரர்களே, இது உங்களுக்குத்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருத்தணி கோர்ட்டுப் புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். மேலே படித்தால் விமோசனம் உண்டு என்று நம்பியவன். ஐயோ, எப்படி நம்பினேன்!

முதல் கட்சிக்காரர்

கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு விவசாயி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வரப்புத் தகராறு. அண்ணன் எப்படி ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை நகர்த்தினான், தான் பதிலுக்கு எப்படி அவன் வேலியைப் பிடுங்கினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் எனக்கும் ஒரு கேஸ்! தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வக்காலத்துல கையெழுத்துப் போட்டுடலாங்களா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "அய்யய்யோ, நீங்க வக்கீலுங்களா? குமாஸ்தான்னு நெனச்சிகினு இல்ல உள்ளதைச் சொல்லிட்டேன்!"

மாமாவின் நிபந்தனை

அம்மையார்குப்பத்தில் என் தாய்மாமனுக்கு நான்கு தறி, ஒரே பெண். கமலா எனக்குத்தான் என்று அவள் பாவாடை கட்டின நாளிலிருந்தே பேச்சு. அவளும் என்னை அத்தான் முறைக்கு வாய் நிறைய 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் அவள் என்றால் உயிர். மறைப்பானேன்?

ஆனால் மாமா கோர்ட்டுக்கு ஒருநாள் வந்து, நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் கூப்பிட்டுவிட்டார். எம்.எல். படித்தால் லா காலேஜில் வாத்தியாராகலாம், மாசச் சம்பளம் வரும் என்று சமாளித்தேன். மாமா தறியை நிறுத்தவே இல்லை. ஓட்டிக்கொண்டே சொன்னார்: "படி ஏகாம்பரம், நான் வாணாங்கல. ஆனா படிப்பைக் காட்டி பொண்ணு கேக்காத. மாசச் சம்பளத்தைக் காட்டிக் கேளு, தர்றேன்."

மதராஸ் பெஞ்சு

ஆக, எனக்கு வேண்டியது சட்டம் அல்ல. வேலை வாங்கித் தரும் காலேஜ். முதலில் ரயிலேறி மதராஸ் போனேன். லா காலேஜ் பேராசிரியர் எந்தப் பாடத்தில் ஆர்வம் என்று கேட்டார். "முடிச்சா வேலை கெடைக்குமாங்க?" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காலேஜ் படிப்புதான் தரும், வேலைக்கு அது பொறுப்பில்லை என்று மரியாதையாகவே சொன்னார்.

வெளியே வராந்தாவில் பியூனைப் பிடித்தேன். அவர் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே பெஞ்சில் கசங்கின சட்டையோடு ஒரு ஆள். "போன வருஷம் இங்கியே எம்.எல். முடிச்சவரு சார். வேலை உண்டான்னு கேக்க தெனம் வந்து குந்திகினு கீறாரு. அவராண்டயே கேளேன்!"

தனி அறை

அந்தப் பெஞ்சைப் பார்த்ததும் எனக்கு எங்கள் புங்கமரம் ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் சாமி என்று திரும்பினேன். மறுவாரம் திருப்பதி பஸ் ஏறி, ஆந்திராவில் இருந்த ஒரு காலேஜுக்குப் போனேன். அங்கே மாணவர்களுக்கு வேலை தேடித் தர என்றே ஒரு தனி அறை! உள்ளே ஒரு அதிகாரி, காபி கூட வாங்கிக் கொடுத்தார். அரசாங்கக் காலேஜ்களில் இடம் காலியானால் நம் பெயரை அவரே அனுப்பிவைப்பாராம். சொந்த ஜில்லா எது என்றார். என் பிறப்புச் சர்டிபிகேட்டில் சித்தூர் ஜில்லா. "சித்தூர்" என்றேன், கூசாமல். எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் என்ன கூச்சம்? வீட்டில் பேசுவது ரெண்டு பாஷை, கொள்வினை கொடுப்பினை ரெண்டு பக்கமும்.

அன்றே சேர்ந்துவிட்டேன். கமலாவிடம் சொல்லச் சொல்லி மாமாவுக்கு ஆள் அனுப்பினேன். விஷயம் கேட்டு என் சீனியர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "அவன் காபி குடுத்தான், ரூமைக் காட்டினான், சரி. அந்த ரூமுக்குள்ள போய் வேலையோட வெளிய வந்தவன் எவனையாவது காட்டினானா?"

எந்த ஜில்லா?

ரெண்டு வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்தேன். முதல் வகுப்பு. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தனி அறைக்குப் போனேன். அதே அதிகாரி, அதே காபி. விரிவுரையாளர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. ஆனால் அது ஆந்திரக்காரர்களுக்கு மட்டும். இப்போது குடியிருப்பது எங்கே என்றார். திருத்தணி என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

நான் பிறந்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாதான். நான் ஹைஸ்கூலில் இருந்தபோது எல்லையைத் திருத்தி, ஊரை மதராஸோடு சேர்த்துவிட்டார்கள். அப்போது மிட்டாய் கொடுத்தார்கள், வாங்கித் தின்றேன். "பொறந்தது சித்தூர்தானுங்களே சார்" என்று கெஞ்சினேன். அழாத குறை. நல்ல மனுஷன், அவருக்கே கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன செய்யிறது நைனா, ஊரு போனப்பவே நீயும் கூடப் போயிட்ட."

மறுபடி மதராஸ்

சரி, நான் மதராஸ்காரன் என்றால் மதராஸே வேலை கொடுக்கட்டும் என்று பழைய வராந்தாவுக்கே போனேன். ஆந்திராப் பட்டம் இங்கே செல்லுமா என்று மேலே எழுதிக் கேட்கவேண்டும், பதில் வரும்வரை காத்திரு என்றார்கள். மூலைப் பெஞ்சு காலி. கசங்கின சட்டைக்காரர் எங்கே என்று பார்த்தால், கோட்டுப் போட்டுக்கொண்டு வகுப்பிலிருந்து வருகிறார்! விரிவுரையாளர்!

எப்படிங்க, யாரைப் பிடித்தீர்கள் என்று பதறினேன். அவர் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "யாரையும் புடிக்கல சார். தெனம் இங்க உக்காந்துகினு இருந்தேன். ஒருநாள் வாத்தியார் ஒருத்தர் வரல, வெளிய எட்டிப் பாத்தாங்க, நான் இருந்தேன்."

மோர்

அம்மையார்குப்பம் போனேன். மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை. கமலாவுக்குத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை திருத்தணி–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். மாசச் சம்பளம். என்னைச் சேர்க்காத எல்லையை அந்த மனுஷன் தினமும் விசிலடித்துக்கொண்டே தாண்டுகிறார்.

கமலா மோர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கக் கை வரவில்லை. உனக்காகத்தானே கமலா வேலை தர்ற காலேஜா தேடி அலைஞ்சேன் என்றேன். தறிச் சத்தத்தில் மாமாவுக்குக் கேட்டிருக்காது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்தான், அழுகை இல்லை. "வேலை உண்டான்னு ஊரெல்லாம் கேட்டுகினு போன, பாவா. வேலை இல்லாட்டியும் வர்றியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

ஆக, சகோதரர்களே, முன்பு பி.எல். படித்துவிட்டுப் புங்கமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்த நான், எல்லாம் தீர விசாரித்து நல்ல காலேஜாகத் தேர்ந்தெடுத்ததன் பயனாக, இப்போது அதே பெஞ்சில் எம்.எல். படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.