கிணற்றுக்கு ஒரு லீவு லெட்டர்

பம்மலில் எங்கள் தெருக்கோடியில் இருந்த முதியோர் இல்லத்துக்கு நான் கௌரவச் செயலாளர். தாலுகா அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு வேறென்ன தருவார்கள்? அந்தக் கோடையில் இல்லத்துக் கிணறு கெட்டு, தண்ணீர் மஞ்சளாகி நாறியது. எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் முறைப்படி எழுதினேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை வந்தது, தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் கிடைக்காவிட்டால் பெரியவர்களை ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிட்டு இல்லத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

பக்கத்துப் பள்ளியின் தமிழாசிரியை, படிப்பவர் மனம் இளகும்படி எழுதப் பழக்குவதற்காக, ஊரில் உள்ள தொண்டு இல்லங்களுக்காக உதவி கேட்டுக் கடிதம் எழுதும்படி எட்டாம் வகுப்பிடம் சொல்லியிருந்தார். எங்களுக்காகத் தண்ணீர் லாரி முதலாளிக்கு ஒரு மாணவி எழுதியதை என்னிடம் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே கடிதம் லீவு லெட்டர்.

'ஐயா, எங்கள் தெரு முதியோர் இல்லத்துக் கிணற்றுக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால், அது குணமாகும்வரை வாரம் ஒரு லாரி தண்ணீர் அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

'கருணைக் கடலே' என்று தொடங்கித் திருத்தி எழுத வைக்கப்போனார் ஆசிரியை. நான் தடுத்தேன். கருணைக் கடல்கள் பலவற்றைக் கோப்பில் கட்டி வைத்தவன் நான். என்ன காரணம், என்ன வேண்டும், எதுவரை வேண்டும் என்று சொல்லிவிட்ட மனுவை ஒன்று அனுமதிக்க வேண்டும், இல்லையேல் மறுக்க வேண்டும். மறுத்துக் கையெழுத்துப் போடும் துணிச்சல் பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்றேன்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த லாரி ஷெட்டுக்கு மூவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இன்னாம்மா, கெணத்துக்கு ஜுரமா? டாக்டர் சர்டிபிகேட் எங்க?"

அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார்."

மோந்தார். முகம் கோணியது. மூடச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். சனிக்கிழமை முதல் லோடு பம்மலுக்கு என்றார்.

லாரி வந்தது. வாரந்தோறும் குழாயை இறக்கும்போது டிரைவர், "பேஷண்ட் எப்டி கீது சார்?" என்பார்.

மழைக்காலம் முடிந்ததும், கிணறு தேறிவிட்டதா என்று முதலாளி கேட்டனுப்பினார். நியாயமான கேள்வி. மருத்துவ விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்ப உடல்தகுதிச் சான்று கட்டாயம். அந்தப் பெண் வந்து இன்னொரு பாட்டிலில், இன்னும் மஞ்சள் மாறாத கிணற்று நீரை நிரப்பி, மூடியை இறுக்கி டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமையும் லாரி வந்தது.