என் கடைக்குட்டிக்குக் கிடைக்காத பெரியம்மா

ஆண்டவரின் நிழலில் ஓய்வெடுக்கும் எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்திருக்கும் நீங்கள் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றிய புகழ்ச்சியை எதிர்பார்ப்பீர்கள். புகழ்கிறேன். கூடவே என் வயிற்றெரிச்சலையும் சொல்லாவிட்டால் அது பொய்ப் புகழ்ச்சியாகிவிடும்.

அக்கா கோட்டுச்சேரியில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. நர்ஸ் படிப்பு முடித்து, காரைக்காலில் ஒரு பிரசவ மருத்துவமனையில் சேர்ந்து, தங்கை என்னைக் கட்டிக்கொடுத்தார். தான் கட்டிக்கொள்ளவில்லை. எத்தனை வேலை இருந்தாலும் சலித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதித்தபோது, கஷ்டப்பட்ட பெண்களுக்கு விடிவு வந்தது என்று அக்கா மனதார நம்பினார். கருவைக் கலைக்க நாட்டு மருந்து தின்று செத்த பெண்களைத் தன் கையால் துடைத்துக் கிடத்தியவர் அவர். இரண்டு மகன்களுக்குப் பிறகு நான் மறுபடி உண்டானேன். என் கணவருக்கு நிரந்தர வேலை இல்லாத நேரம்.

"ரெண்டு போதும்டி. ஒன் ஒடம்பப் பாரு. நான் கூடவே இருக்கேன்."

சொன்னபடி, கலைத்து முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலையாட்டியவள் நான்தான். அதை மறைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்துக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து செல்வி என்ற கர்ப்பிணி மருத்துவமனைக்கு வந்தாள். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. கலைத்துவிடக் குறித்த நாளில் டாக்டர் விடுப்பு. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வந்தவள் மேசையில் படுக்காமல், அக்காவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"நேத்துலேருந்து அசையுதுங்க நர்சம்மா. என்னால முடியாதுங்க. எப்படி வளக்கப்போறேன்னும் தெரியலைங்க."

எத்தனையோ வயிறுகளைத் தொட்ட கை, அன்று அந்த வயிற்றை விட்டு வரவில்லையாம்.

"அவ வளக்கிறதுக்கு வழி கேட்டாடி. அதுக்கு என்ன வேணும்னு இத்தனை நாளா நான் யாரையும் கேக்கவே இல்லை" என்று அழுதார். என்னிடம் போய் அழுதார்!

அக்கா அந்த வேலையை விட்டார். எங்கள் பங்குக் கோயிலில் பெண்கள் நடத்திய உயிர் காப்புக் குழுவில் சேர்ந்தார். திக்கற்ற கர்ப்பிணிகளைத் தன் வீட்டில் தங்கவைத்தார். அம்பகரத்தூர் வரை பஸ் ஏறிப்போய் மாமியார்களிடம் வாதாடினார். செல்விக்கு மகள் பிறந்தாள். அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். ஊரே அக்காவைக் கொண்டாடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனமாற்றம் நாலு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

கல்லறைத் திருநாளில் அப்பாவின் கல்லறையில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அக்கா மட்டும் இரண்டு ஏற்றுவார். பல ஆண்டு கழித்துத்தான் இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன்.

"ஒன் மூணாவதுக்குடி. அதுக்குன்னு ஒரு கல்லறை இல்லையே."

என் பிள்ளைக்கு ஒரு மெழுகுவர்த்தி. செல்வி மகளுக்குச் சடை பின்னல், தீபாவளிச் சட்டை, பள்ளிக்கூடப் பை.

புற்றுநோயில் படுத்த கடைசி மாதத்திலும் அந்தப் பெண் ஊட்டினால்தான் அக்கா கஞ்சி குடித்தார். ஒருநாள் பொறுக்காமல் அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினேன். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள். அக்கா என்னைப் பார்த்தார்.

"என்னை மன்னிக்க வேணாம்டி. அவளை மன்னிச்சிரு. அவ ஒண்ணும் பண்ணலை."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அக்கா கண்மூடினார்.

சாகும் தறுவாயில் அவஸ்தைத் தைலம் பூசிய பங்குத் தந்தைக்கும், இரவு பகலாகக் கவனித்த நர்சுகளுக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், மணலில் நடந்து வந்த கோட்டுச்சேரிமேட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செல்வி மகளே, அடக்கத்தன்று கல்லறையில் என் முந்தானையைப் பிடித்துச் "சித்தி" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓராண்டாக அது உறுத்துகிறது. பொறாமை இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அதோடுதான் கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாம்மா.