எலக்ட்ரோக்யூட் என்றால் செத்தாச்சு

இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு எதிரி மக்கு மாணவன் இல்லை, சொன்னதை அப்படியே மனதில் ஏற்றிக்கொள்கிறவன்தான். மார்த்தாண்டத்தில் பஸ் ஹாரனுக்கு மேலே மாடியில் நின்று கத்தும் எனக்கும், எங்கெங்கோ கத்தும் உங்களுக்கும் இது தெரியும், சகபாவிகளே.

அழகான கரண்ட்

கல்ஃப் போகிற நர்ஸ் பிள்ளைகளின் வகுப்பில் ‘எலக்ட்ரோக்யூட்’ வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? எலக்ட்ரோ என்றால் மின்சாரம், எக்ஸிக்யூட் என்றால் மரண தண்டனையை நிறைவேற்றுவது. அமெரிக்காவில் குற்றவாளியை நாற்காலியில் கட்டி கரண்ட் பாய்ச்சிக் கொல்லத் தொடங்கியபோது இரண்டையும் வெட்டி ஒட்டிச் செய்த சொல் என்று தொண்டைத்தண்ணி வற்ற விளக்கினேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“அப்பம் கியூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியா சாரே?”

செத்துப் பிழைத்தவர்

தேங்காய்ப்பட்டணத்து ஸ்டீபன், ஒயரிங் வேலைக்காரர். இன்டர்வியூ ஒத்திகையில் அனுபவம் என்ன என்று கேட்டேன். “ஐ வாஸ் எலக்ட்ரோக்யூட்டட் டூ டைம்ஸ்” என்றார் பெருமையாக.

“ஓய், அது செத்தவனுக்கு உள்ள வார்த்தை. ஷாக் அடிச்சுதுன்னு சொல்லும்” என்றேன். பிழைத்தவனுக்கும் இப்போது அதைப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை, பாடம் குழம்பிவிடுமாம்! அவர் முகம் வாடிவிட்டது.

“வெறும் ஷாக்குன்னு சொன்னா எனக்க வீட்டுக்காரியே சிரிப்பா சாரே.”

ஒற்றை வரி

ஸ்டீபன் வேலை கிடைத்து கல்ஃபுக்குப் போய்விட்டார். ஒரு மத்தியானம் அவர் மனைவி ஜெயா மூச்சிரைக்கப் படியேறி வந்து போனை நீட்டினார். கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு வரி: ‘ஸ்டீபன் எலக்ட்ரோக்யூட்டட், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்.’ திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லையாம்.

“ஆஸ்பத்திரின்னுதானே இருக்கு? உயிரோடதாம்மா இருப்பாரு. சும்மா ஷாக்குக்கும் இப்ப இப்படித்தான் எழுதுவாங்க” என்றேன். அந்தம்மா நம்பவில்லை.

“செத்தவனுக்கு உள்ள வார்த்தைன்னு நீங்கதானே அவியளுக்குச் சொல்லிக் குடுத்திய?”

மறுபடி ஷாக்

சொல்லைச் செய்தவன் நாசமாய்ப் போக. அதை வேரோடு தோண்டிக் காட்டிய என் படிப்பு அதற்கு முன்னால் மண்ணாய்ப் போக. வேறென்ன சொல்லித் தேற்றுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்டீபனேதான்.

“அழாத ஏட்டி, கையில ஒரு கட்டு, அவ்வளவுதான்” என்றார். ஜெயா தரையிலேயே உட்கார்ந்து போனை என்னிடம் தந்தார். என் குரலைக் கேட்டதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“வெறும் ஷாக்காக்கும் சாரே, கம்பெனிக்காரனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது.”

இத்தனை வருஷத்தில் என் பாடத்தை இவ்வளவு சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான், இனி யாரும் அப்படிப் படித்துத் தொலைக்க வேண்டாம்.