கண்டிப்பு போதாது

துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவள் எல்லோருக்கும் அக்கா. அவளைவிட மூத்த மெக்கானிக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நுரை வழிந்து வீடு குளமாகிவிட்டது என்று தொலைபேசியில் எரிந்து விழுகிறவர்களை எல்லாம் கடைசியில் அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவள், "அடடா... அப்புறம்?" என்று காது கொடுத்துக் கேட்பாள். கொஞ்ச நேரத்தில் மறுமுனை, "நீங்க சாப்டீங்களாம்மா?" என்று விசாரிக்கும்.

மேலாளரும் அவளிடம் வந்து புலம்புகிறவர்தான். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், மகன் பரீட்சையில் கோட்டை விட்டாலும், அவள் மேஜையருகே உட்கார்ந்துவிடுவார். கொட்டித் தீர்த்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போவார்.

பிரிவின் சூபர்வைசர் பதவி காலியானது. வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழகாத அக்கா, அதைக் கேட்டாள்.

"உங்க மனசு தங்கம்மா. ஆனா இந்த வேலைக்குக் கொஞ்சம் கண்டிப்பு வேணுமே," என்றார் மேலாளர்.

கண்டிப்புதானே, காட்டிவிட்டால் போகிறது. மறுநாள் தாமதமாக வந்த மெக்கானிக்கிடம், "இதான் வர்ற நேரமா?" என்றாள். அவர் பதறிப்போய், "உடம்பு சரியில்லையாக்கா?" என்றார். சாயங்காலத்துக்குள் மேலாளர் கூப்பிட்டார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா? சிடுசிடுன்னு இருக்கீங்களாமே."

பக்கத்து மேஜைத் தம்பி தினமும் மேஜையைத் தட்டிக் கத்துவான். அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதற்குத் தலைமைப் பண்பு என்று பெயர். பதவியும் அவனுக்கே போனது. அக்கா கழிப்பறையில் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவனைப் பாராட்டி வாங்கிய கேக்கையும் அவள் கையில்தான் கொடுத்தார்கள், அக்கா வெட்டினால்தான் எல்லோருக்கும் சமமாக வருமாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அடுத்த வாரம் மேலாளர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்.

"பையன் என்கூடப் பேசவே மாட்டேங்கறாம்மா..."

"எந்தப் புகாரா இருந்தாலும் இனிமே சூபர்வைசர்கிட்டதான் சார் சொல்லணும்."

மனிதர் நிஜமாகவே எழுந்து புது சூபர்வைசரின் அறைக்குள் போனார். "விஷயத்த மட்டும் சொல்லுங்க சார், கதையெல்லாம் வேணாம்," என்ற குரல் வெளியே வரைக்கும் கேட்டது. மேலாளர் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"அவன் கேக்கவே மாட்டேங்கறானேம்மா."

"கண்டிப்பான ஆளு சார்," என்றாள் அக்கா. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த அழைப்பை எடுத்தாள்.