பதில் வந்த மாலையில் ஒரு படிப்பாட்டு

என் மாமா இந்த உலகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வண்டிப்பெரியாரிலிருந்து மேலேறிப் போகும் தேயிலைத் தோட்டமொன்றில், ஃபாக்டரியில் வேலை. வாட்டிய கொழுந்தை அள்ளிக்கொண்டுபோய் உருட்டும் மெஷினில் கொட்டுவார். கல்யாணம் ஆகவில்லை. தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு பேட்டரி ரேடியோவோடு குடியிருந்தார். அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்குமேல் எழுத வேண்டியதை நான் எழுதுவேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஆகவே உலகத்துக்குப் போன அந்தக் கடிதத்தில் இருந்ததும் என் கையெழுத்துதான். எனக்குச் சோறு இறங்காமல் போனதற்கு இது தனிக் காரணம்.

சாயங்காலமானால் எங்கள் வாசலில் பாதி லயம் கூடிவிடும். மாமா முதலில் நம்முடைய ஸ்டேஷனில் செய்தி வைப்பார். அப்புறம் முள்ளைத் திருப்பி அக்கம்பக்கத்து நாட்டு ஸ்டேஷன். ஏழு மணிக்கு, தூரதேசம் ஒன்றிலிருந்து தமிழில் பேசுகிற ஸ்டேஷன். அது இரைச்சலுக்குள்ளிருந்து, அருவிக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று பேசுவது போல வரும். கொழுந்துப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்று கேட்பார்கள். கேட்டு முடித்ததும் சண்டை தொடங்கும். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று. வங்கதேசப் போர் நடந்த அந்த டிசம்பரில் சண்டை இன்னும் பலமாயிற்று.

“நம்மாளு முன்னேறிட்டோம்ங்கான். அவன் ஒரு அடி பின்வாங்கலங்கான். ரெண்டுக்கும் நடுவுலதான் எங்கயோ நிக்காங்க” என்று மாமா தீர்ப்புச் சொல்வார்.

“நடுவுல நிக்கிறவன் மேலதான் மாப்ள குண்டு விழும்” என்பார் அப்பா.

அந்தத் தூரதேச ஸ்டேஷன் வாரம் ஒருநாள் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். ஓணம் முடிந்த கையோடு மாமா என்னை உட்காரவைத்து எழுதச் சொன்ன கேள்வி இதுதான்: ‘எங்கள் தோட்டத்துத் தேயிலை பெட்டி பெட்டியாக உங்கள் நாட்டுக்கு வருவதாகச் சொல்கிறார்கள். அதைக் குடிக்கிறவர்கள், இதைப் பறித்தது யார் என்று எப்போதாவது பேசிக்கொள்வது உண்டா?’

எனக்கு அது மட்டமான கேள்வியாகப் பட்டது. உலகத்திலேயே உயரமான கட்டடம் எது என்று கேட்கலாம் என்றேன். “அது கட்டுனவனுக்குத் தெரியும், மருமகனே. இத அவுகதான் சொல்லணும்” என்றார். மாமாவின் பெயர், தோட்டத்தின் பெயர், ஃபாக்டரி என்று எல்லாவற்றையும் அடியில் அழகாக எழுதினேன். அன்றைக்கு அந்த நாடு டீ குடிக்கிற ஒரு நாடு, அவ்வளவுதான்.

போர் வந்ததும் அந்த நாடு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. அதன் போர்க்கப்பல் நம் கடலுக்கு வரும் என்று பேச்சு அடிபட்டது. எதிரி விமானத்துக்குத் தெரியக் கூடாதென்று கோட்டயத்துப் பஸ்களின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கள் வாத்தியார் எல்லோருக்கும் காகிதக் கொடி ஒட்டிக் கொடுத்து, எதிரியின் குரலைக் கேட்கிற காதும் எதிரியின் காதுதான் என்று சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். நான் முதல் வரிசையில் நின்று அதைத் திருப்பிச் சொன்னேன். அந்த வாரம்தான் அந்த ஸ்டேஷன்காரர், நிகழ்ச்சி முடிகிற நேரத்தில், அடுத்த வாரம் யார் யாருக்குப் பதில் என்று வாசித்தார். மூன்றாவதாக மாமாவின் பெயர் வந்தது. தோட்டத்தின் பெயரும் வந்தது, நான் எழுதியபடியே, ஒரு எழுத்து குறையாமல்.

வாசலில் நின்றவர்கள் கொழுந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள். மாமா மட்டும் சிரித்த முகமாக இருந்தார்.

மறுநாள் டவுனில் ஒரு சாயாக்கடை ரேடியோவை இளவட்டங்கள் தெருவில் போட்டு உடைத்தார்கள் என்று தகவல் வந்தது. கடைக்காரர் முள்ளைத் திருப்பும்போது தப்பான இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டாராம். அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போனார்கள். அதைக் கேட்டதும் அப்பா எங்கள் ரேடியோவிலிருந்து பேட்டரிகளை உருவி அரிசிப் பானைக்குள் புதைத்தார்.

“மச்சான், பேரு இந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கு? அது வானத்துல வருது” என்றார் மாமா.

“ஒன் கேள்விய தொரைகிட்ட கேட்டிருந்தா அரை நாள் சம்பளத்தோட போயிருக்கும். நீ லோகத்துக்கிட்டல்ல கேட்டு வச்சிருக்க” என்றார் அப்பா.

லயத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அன்றைக்கே சட்டிபானையை எடுத்து வெளியே வைக்க வேண்டும். வைத்துவிட்டு எங்கே போவது? எங்கள் தாத்தா கம்பத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர். இங்குள்ள மலையாளிகளுக்கு நாங்கள் பாண்டிக்காரர்கள். கம்பத்தில் போய் இறங்கினால் மலைக்காரர்கள். எங்களுக்கும் ஒரு நாடு உண்டு என்று நான் கொடி பிடித்துச் சொன்னது அந்த டிசம்பரில்தான். அதற்குள் மாமா இப்படிச் செய்துவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது.

எங்கள் லயத்து ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். பயமெல்லாம் மேல்லயத்துக் கங்காணியைப் பற்றித்தான். அவர் வீட்டிலும் ஒரு ரேடியோ உண்டு; பேரை வாசித்ததை அவர் கேட்டிருந்தால் இதற்குள் சும்மா விட்டிருக்க மாட்டார், பதிலையும் கேட்கக் கூடாது. தொரை பங்களாவுக்கு நேரே போய்வரக்கூடியவர். காட்டிக்கொடுக்க எழுதிப் போட வேண்டியதில்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வழி கண்டுபிடித்தது அம்மா. கங்காணி அந்தக் கார்த்திகையில் மண்டல விரதத்துக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வருஷமெல்லாம் எங்களை ‘டேய்’ என்றே அறிந்த அந்த வாய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் நின்றுகொண்டு, “சீக்கிரம் மலைக்கு ஏறுங்க சாமி” என்று சொல்வதைக் கேட்பதே லயத்துக்கு ஒரு திருவிழா.

“பதில் வர்ற அன்னைக்குச் சாமி வீட்டு வாசல்ல பஜனை வச்சிருவோம். சாமி பாட்டு நடக்கிறப்ப எவன் ரேடியோ போடுவான்?” என்றாள் அம்மா.

“நான் எதுக்கு? நான் வீட்டுல இருக்கேன்” என்றார் மாமா.

“நீதான பாடணும். நீ இல்லாட்டி அவரே எங்கன்னு கேப்பாரு. அதோட, ஒன்னையும் அந்தப் பெட்டியையும் தனியா விட்டுட்டு என்னால அங்க கும்புட முடியாது.”

மாமா அரிசிப் பானையை ஒருமுறை பார்த்தார்.

கங்காணிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கீழ்லயமே விளக்கும் தாளமுமாகத் தன் வாசலுக்கு வந்திருக்கிறது. ரேடியோ ஜன்னலோரத்தில், பூவேலை செய்த துணி போர்த்தி இருந்தது. எனக்குக் கைத்தாளம் கொடுத்திருந்தார்கள். நான் சாமியை நினைக்கவில்லை. நாட்டையும், மாமாவையும், என் கையெழுத்தையும் காப்பாற்றுகிறவனாக அடித்தேன். மாமா கஞ்சிரா வைத்துக்கொண்டு பாடினார். அவர் குரல் அந்த மலையில் பேர்போனது.

ஏழு மணி நெருங்கியபோது கங்காணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“நீங்க பாடுங்க சாமி. நான் ஒரு நிமிசம் நியூசு கேட்டுட்டு வந்திருதேன். கப்பல் எங்க வந்திருக்கோ என்னமோ.”

அம்மா மாமாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். என் கைத்தாளம் நின்றுவிட்டது. கங்காணியின் கை ஜன்னலுக்குப் போய் அந்தத் துணியைத் தொட்டது.

அப்போது மாமா படிப்பாட்டைத் தொடங்கினார்.

படிப்பாட்டு என்பது சாமியின் படிகளை ஒவ்வொன்றாகப் பாடி ஏறுவது. படிக்கொரு கற்பூரம் ஏற்ற வேண்டும். தொடங்கிவிட்டால் கடைசிப் படி வரும்வரை ஒருவரும் எழக் கூடாது. நிற்பவர் உட்கார வேண்டும். மாலை போட்டவர் நகரவே கூடாது. பஜனையின் முடிவில் பாடவேண்டிய பாட்டை மாமா பாதியிலேயே எடுத்துவிட்டார். கங்காணி ஜன்னலையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக் கும்பிட்டபடி அங்கேயே உட்கார்ந்தார்.

மாமா அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியையும் திருப்பித் திருப்பிப் பாடினார். ஒரு கற்பூரம் அணைந்தபின்தான் அடுத்தது. நடுவில் ஒரு படியில் அவர் குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. கூட்டம் சரணம் போட்டது. “என்ன பக்தி பாருங்க இந்தச் சாமிக்கு” என்றார் கங்காணி. எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் பலமாக அடித்தேன். கடைசிப் படி ஏறியபோது ஏழரை தாண்டி, அந்த ஸ்டேஷனின் நேரமும் முடிந்திருந்தது.

அந்த ராத்திரி எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். மாமா மட்டும் தொண்டை கட்டிவிட்டது என்று கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார்.

சில நாளில் போர் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். அரிசிப் பானையிலிருந்து பேட்டரிகளும் வெளியே வந்தன. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரிக்காரர்களிடமும் குமுளி ஏலக்காய்க் கடை ஆட்களிடமும் பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். அன்றைக்கு ஏழு மணிக்கு அந்த ஸ்டேஷன் வைத்தீர்களா, ஏதோ தேயிலை பற்றிச் சொன்னார்களாமே என்று. கேட்டதும் அவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். “அந்த ஸ்டேசனெல்லாம் நாங்க கேக்குறதே இல்லப்பா” என்பார்கள். ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

“இன்னொரு தடவ எழுதிப் போடலாமா மாமா?” என்றேன்.

“ஒருத்தன் பதில் சொன்னப்புறம் அதையே திருப்பிக் கேட்டா மரியாதையா இருக்காது, மருமகனே.”

இப்போது நான் படிக்கும் கல்லூரியில், உலகத்து மனிதரெல்லாம் ஒரே வாசலில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் காலம் வருமா என்று எங்கள் பேராசிரியர் கேட்பார். மாணவர்கள் வரும் என்றும் வராது என்றும் மேஜையைத் தட்டுவார்கள். எனக்கு ஃபாக்டரி வாசலில் ஒரு மத்தியானம் ஞாபகம் வரும்.

போர் முடிந்து தை பிறந்துவிட்டிருந்தது. கங்காணி மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றி, பழைய வாய்க்குத் திரும்பியிருந்தார். நான் மாமாவுக்குச் சோற்றுத் தூக்கைக் கொண்டுபோயிருந்தேன். கங்காணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாமாவின் அருகே வந்தார்.

“ஏலே, அந்த ஸ்டேசன்காரன் ஒனக்கு என்னதாம்லே பதில் சொன்னான்?”

மாமாவின் கையிலிருந்த சாக்கு நழுவியது. “ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“முந்தின வாரம் ஒம்பேரு வாசிச்சப்பவே கேட்டேனே. நம்ம தோட்டத்துப் பேர அவன் வாயால கேட்டதுல எனக்குத் தூக்கமே இல்ல. யாருகிட்டயும் மூச்சு விடல. பதிலக் கேக்கத்தான கப்பலு கிப்பலுன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். நீ படிப்பாட்டப் போட்டு உக்கார வச்சுட்ட. சரி, நீயாவது அப்புறம் யாருகிட்டயாச்சும் கேட்டியா?”

மாமா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக, வெகுநேரம் சிரித்தார். பிறகு வாட்டிய கொழுந்துக் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கொழுந்தின்மேல் உட்காருவது பெரிய குற்றம். கங்காணி நழுவிய சாக்கை எடுத்து ஓரமாக வைத்தார்.

கங்காணி காட்டிக்கொடுக்கப் போவதில்லை, இனிப் போலீஸ் வராது, அந்தச் சந்தோஷத்தில்தான் மாமா சிரிக்கிறார் என்று நினைத்தேன். நல்ல செய்தியை முதலில் சொல்லவேண்டும் என்று வீடுவரை ஓடினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கங்காணி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அம்மா ஊதுவதை நிறுத்தினாள். அடுப்பு அணைந்து புகை எழும்பியது. ஏன் மறுபடி ஊதவில்லை என்று தெரியாமல், நான் குனிந்து ஊதத் தொடங்கினேன்.