‘இது காலி’

மழை பெய்யும்போது குடை விரிப்பவர்கள் உண்டு. மழை நின்று வெயில் அடித்த பிறகும், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று விரித்த குடையை மடக்காமல் தெருமுனை வரை போனவள் அந்தத் தெருவில் ஒருத்திதான். அவளுக்கு உஷார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அந்தப் பெயரைச் சொல்லித் தபால்காரர் கேட்டால் தெருவே கையை விரிக்கும்.

அடுப்பை அணைப்பாள். அணைந்ததா என்று பார்ப்பாள். பார்த்தோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை போய்ப் பார்ப்பாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடம், “நீங்க அவர்தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளைக்கு அச்சில் வார்த்த மாதிரி ஓர் இரட்டைத் தம்பி இருந்ததால், அதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் கொடுத்த அண்ணன், அரைவாய். அவன் பேச்சுக்குத் தலை உண்டு, வால் கிடையாது. “அந்தச் சாவி எங்கன்னா அந்த...” என்பான், போய்விடுவான். மீதியை வீட்டார் தேடிக்கொள்ள வேண்டும், சாவியையும் சேர்த்து.

அண்ணனும் தங்கையுமாக ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள். முன்னறையில் விளக்கும் திரையும் கேமராவும் அவன் ராஜ்ஜியம். திரைக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், ஒரு டப்பா நிறைய மெமரி கார்டு, இவள் ராஜ்ஜியம். கேமராவிலிருந்து வரும் கார்டை லேப்டாப்பின் விலாவிலுள்ள துளையில் செருகி, படங்களை உள்ளே இழுத்து, சரிபார்த்து, அதன் பிறகே கார்டைத் துடைத்துப் புதிதாக்குவாள்.

அந்தக் கார்டின் இடுப்பில் அரிசியளவு ஒரு தாழ்ப்பாள் இருக்கும். கீழே தள்ளினால் பூட்டு. உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். அழிக்கவும் முடியாது, புதிதாக எழுதவும் முடியாது. படம் நிறைந்த கார்டைப் பூட்டுவது உலக வழக்கம். உஷாரோ வெறும் கார்டையும் பூட்டித்தான் கொடுப்பாள். “பூட்டாத பொருள் என் கையை விட்டுப் போகாது” என்பாள். ஒவ்வொரு முறையும் கேமரா ‘கார்டு பூட்டியிருக்கிறது’ என்று முரண்டு பிடிக்கும். அரைவாய் நகத்தால் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டே, “உன் பூட்டுல இடி...” என்பான். விழ வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டான்.

அன்று காலை ஸ்டூடியோவுக்கு ஒரு கப்பல்காரன் வந்தான். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. கூடவே மனைவி; அவள் கையில் பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை. அன்று மாலை அவன் கப்பலேற வேண்டும். திரும்பி வர ஒரு வருடம் ஆகலாம்.

“நடுக்கடல்ல சிக்னலாவது மண்ணாவது. போன பயணத்துல உப்புக்காத்து பட்டு என் ஃபோன்ல கேமராவும் அவிஞ்சு போச்சு” என்றவன், பொட்டளவு இருந்த ஒரு கார்டை ஃபோனிலிருந்து கழற்றி உஷாரிடம் நீட்டினான். “படத்தையெல்லாம் இதுல போட்டுக் குடுங்கக்கா. சாயங்காலம் போற வழியில வாங்கிக்கறேன். ஒரு வருஷத்துக்கு எனக்கு மக இதுக்குள்ளதான்.”

உஷார் அதை ஒரு கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்த நாளிலிருந்து, அப்பா தூக்கினால் மட்டும் கண்ணைத் திறக்காமல் சாதித்த குழந்தையாம். விளக்கு வெளிச்சத்தில் அவன் வாங்கி மார்பில் சாய்த்ததும் ஒரு கண்ணைத் திறந்தது, அடுத்ததையும் திறந்தது, எட்டி அவன் மீசையைப் பிடித்துக்கொண்டது. ஏழு கடல் பார்த்த மனிதன், “ஐயோ, ஐயோ” என்று சிரித்தான், அழுதான். அரைவாய்க்குப் பேச்சில்தான் வால் கிடையாது, விரலில் உண்டு. கேமரா மூச்சுவிடாமல் படபடத்தது.

அவர்கள் போனதும் அரைவாய் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். தொழிற்சாலை ஆண்டுவிழாவுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது.

“உஷாரு, இது காலி. டப்பால இருக்கறது...” என்றான். அதற்குள் விழாக்காரர்கள் அழைத்துவிட்டார்கள். ஃபோனில், “இதோ வந்துட்டே...” என்றபடி முன்னறைக்குப் போனான்.

உஷார் கார்டைச் செருகினாள். எப்போதும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பாள். அன்று லேப்டாப் எட்டிப் பார்க்க விடவில்லை. தூசியோ துருவோ, திரையில் ஒரு கட்டம் எழுந்தது: ‘இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம். செய்யவா?’

காலியான கார்டுதானே. செய் என்றாள். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. வழக்கப்படி தாழ்ப்பாளைக் கீழே தள்ளி அண்ணன் பையின் பக்கவாட்டு அறையில் போட்டாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்துப் பறந்தான்.

குழந்தையின் படம் டப்பாவில் இருக்கிறது என்று அண்ணன் சொல்லாமல் விட்டதைத் தானே முடித்துக்கொண்டு, அதில் மேலாகக் கிடந்த கார்டைச் செருகி, முகத்தைப் பார்க்க ஆசையாக நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாள். திரையில் ஒன்றும் இல்லை. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது அந்தக் கார்டு.

அப்போதுதான் அண்ணன் சொன்ன சொல் அவள் காதில் மறுபடி ஒலித்தது. ‘இது காலி.’

வீடு காலி என்றால் உள்ளே யாரும் இல்லை. அரிசி காலி என்றால் தீர்ந்துபோயிற்று. அண்ணனுக்குக் கார்டு என்பது அரிசி. இடம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது, படத்தை எடுத்து வை, டப்பாவில் இருப்பதில் ஒன்றைக் கொடு என்று சொல்ல வந்திருக்கிறான். தங்கைக்குக் கார்டு என்பது வீடு. யாரும் இல்லை, கூட்டிப் பெருக்கலாம் என்று எடுத்துக்கொண்டாள். இத்தனை வருடமாக அவன் சொன்னதும் இவள் புரிந்துகொண்டதும் எதிரெதிராகவே இருந்திருக்கின்றன. எட்டிப் பார்க்கும் பழக்கம்தான் காப்பாற்றி வந்திருக்கிறது.

ஆனால் உஷார் தொழில் தெரிந்தவள். இந்த வகை ஃபார்மட் படங்களை அழிப்பதில்லை, வாசலில் ‘வீடு காலி’ என்று பலகை மாட்டுகிறது, அவ்வளவுதான். குடியிருந்தவர்கள் உள்ளேயே இருப்பார்கள். மீட்டெடுக்கும் மென்பொருளை ஓடவிட்டால் கூப்பிட்டு வெளியே கொண்டுவரலாம். ஆபத்து ஒன்றே ஒன்று: பலகையை நம்பிப் புதுக் குடித்தனம் ஏறிவிட்டால் பழையவர்கள் போனது போனதுதான். அந்தக் கார்டில் தொழிற்சாலை முதலாளி மாலை போட்டுக்கொள்வதை அண்ணன் எடுக்க எடுக்க, குழந்தையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்.

அண்ணனை அழைத்தாள். முன்னறை மேஜையில் அவன் ஃபோன் கணீரென்று அடித்தது. போகிற அவசரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

லேப்டாப்பையும் கைக்குட்டை முடிச்சையும் மார்போடு அணைத்தபடி ஓடினாள். ஸ்டூடியோவைப் பூட்டினாள், வாழ்க்கையில் முதல் முறையாகப் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

டாக்சியில் ஏறியதும், “வேகமா போங்க” என்றாள்.

“நீங்களாம்மா சொல்றது? போன தடவை டயர்ல காத்து இருக்கான்னு உதைச்சுப் பார்த்துட்டு ஏறினீங்களே” என்றார் ஓட்டுநர்.

“டயர் போனா மாத்திக்கலாம். ஓட்டுங்கண்ணே!”

வழியில் கப்பல்காரனே அழைத்தான். “அக்கா, சீக்கிரமே கிளம்பச் சொல்லிட்டாங்க. இப்பவே வந்து வாங்கிக்கவா? எல்லாம் நல்லா வந்திருக்கா? மீசையைப் பிடிச்சது?”

வாயைத் திறந்தாள். உண்மை வெளியே வரவில்லை. “நீங்க நேரா துறைமுக வாசலுக்குப் போயிடுங்க தம்பி. நானே கொண்டு வர்றேன்.”

“உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?”

“பரவாயில்ல தம்பி” என்று சொல்லி வைத்தாள். மடியில் கைக்குட்டை முடிச்சு கல்லாய்க் கனத்தது.

விழா மண்டபத்துக்குள் நுழையும்போதே மேடையில் ஃபிளாஷ் வெட்டிக்கொண்டிருந்தது. யாரோ கேடயம் வாங்கிக்கொண்டிருக்க, முதலாளி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்க, உஷார் விறுவிறுவென்று மேடையேறி இருவருக்கும் நடுவில் புகுந்தாள். அந்த ஆண்டின் நல்ல தொழிலாளியின் படத்தில் இன்றைக்கும் ஒரு பெண்ணின் முதுகு இருக்கிறது.

“அண்ணா, எடுக்காத! நிறுத்து! எந்தக் கார்டு போட்டிருக்க?”

“ஏய், என்ன நீ மேடைல...”

“பையோட பக்கவாட்டு அறையில நான் வெச்ச கார்டு எங்க?”

அரைவாயின் முகம் கறுத்தது. “அதைப் பேசாத. உன் பூட்டுல இடி விழ!”

பிறந்ததிலிருந்து அவன் முழுதாகச் சொன்ன முதல் வசவு. “இன்னைக்குன்னு பார்த்துக் காலைல நகத்தை ஒட்ட வெட்டிட்டேன். தாழ்ப்பாளை நெம்பினா நகரவே மாட்டேங்குது. முதலாளி மாலையோட நிக்கறாரு. போடின்னு தூக்கிப் பாக்கெட்ல போட்டுட்டு, பேட்டரிப் பைக்குள்ள இருந்த பழசை...”

“எது? நான் குப்பைல போடச் சொன்னதா?”

“அதேதான். நீ சொன்னா நான் போட்டுடுவேனாக்கும்...”

உஷார் அவன் சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டாள். கார்டு இருந்தது. தாழ்ப்பாள் கீழே இருந்தது. இழுத்துப் பார்த்தாள், இந்த முறை பார்க்காமல் விடவில்லை.

மண்டபத்தின் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியை மேஜையாக்கி அவள் தரையில் உட்கார்ந்தாள். மென்பொருள் தேடத் தொடங்கியது. பச்சைக் கோடு எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. முதலில் வந்தவை எல்லாம் ஆவிகள். அந்தக் கார்டில் என்றைக்கோ எடுத்துத் துடைத்த படங்கள்: யாரோ ஊதும் மெழுகுவத்தி, பல் விழுந்த பள்ளிக்கூடப் பெண், சித்தப்பா ஒருவரின் வழுக்கை, ஒரு முறை அரைவாய் தெரியாமல் அழுத்தியதில் பதிந்த அவனுடைய செருப்பு. குழந்தை வரவில்லை. செருப்பு இன்னொரு கோணத்தில் வந்தது.

“செருப்பைத் தவிர வேற எதையும் எடுக்க மாட்டியா நீ?” என்று பல்லைக் கடித்தாள். பக்கத்தில் அரைவாய் விழாவை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான். விஷயம் தெரிந்ததிலிருந்து அவனிடமிருந்து அரை வாக்கியம்கூட வரவில்லை.

கோடு முக்கால்வாசி போனபோது திரையில் ஒரு மீசை தெரிந்தது. மீசையில் ஐந்து விரல். மேலே திறந்த இரண்டு கண்.

உஷார் அழவில்லை. அழுதால் லேப்டாப்பில் தண்ணீர் விழும்.

ஏறக்குறைய எல்லாம் வந்தன. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் இருந்த ஒரே படம் மட்டும் தோளுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வெறும் சாம்பல் நிறமாக நின்றுவிட்டது. எத்தனை தட்டியும் அதற்குமேல் வரவில்லை.

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, பொட்டுக் கார்டை, பெரிய கார்டின் வடிவிலேயே இருந்த அடாப்டர் கூட்டில் வைத்துச் செருகினாள். படங்களை இழுத்துப் போட்டால், ‘எழுத முடியாது. கார்டு பூட்டியிருக்கிறது’ என்றது லேப்டாப்.

அரைவாய் அவளையே பார்த்தான். அந்தக் கூட்டுக்கும் இடுப்பில் தாழ்ப்பாள் உண்டு. அதைப் பூட்டி வைத்த புண்ணியவதி யார் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தாழ்ப்பாளை மேலே தள்ளினாள்.

துறைமுக வாசலில் கப்பல்காரன் பையும் கையுமாக நின்றிருந்தான். உள்ளே போகச் சொல்லிக் காவலாளி இரண்டு முறை கையசைத்துவிட்டார். அண்ணனின் பைக்கிலிருந்து குதித்த உஷார் ஓடிப்போய்க் கார்டைக் கொடுத்தாள். “தம்பி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மூணு பேரும் இருக்கற படம் பாதிதான் மிஞ்சிச்சு. மத்ததெல்லாம் இருக்கு. ஃபோன்ல போட்டுப் பார்த்துட்டுப் போங்க. பார்க்காம போகாதீங்க.”

அவன் பார்த்தான். மீசைப் படத்தில் வெகுநேரம் நின்றான். பாதிப் படம் வந்ததும் உஷார் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னக்கா இது, கீழ கடல் மாதிரியே இருக்கு” என்றான். “நாங்க மூணு பேரும் கழுத்தளவு தண்ணில நிக்கறோம். இதான் சரி. இந்தப் படத்துலயாவது அவங்க ரெண்டு பேரும் என்கூடக் கடலுக்கு வர்றாங்க.”

காவலாளி மூன்றாவது முறை கத்தினார். அவன் ஃபோனை நெஞ்சுப் பாக்கெட்டில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ‘காலி’ என்ற சொல்லுக்கு நாடு கடத்தல். பால் தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அறையில் யாரும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் அன்று காபி கிடையாது. அரைவாய் கார்டைக் கொடுக்கும்போது, ஒப்பிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்று, “இதில் படம் இருக்கிறது, அழிக்காதே” என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பூட்டைப் பற்றி அவன் பேச்செடுப்பதில்லை. கட்டைவிரல் நகத்தை மட்டும் இப்போதும் ஒட்ட வெட்டுகிறான்.

துறைமுகத்திலிருந்து திரும்பிய அன்று மாலையே சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், “உஷாரு, சோறு போடு. காலைலேர்ந்து வயிறு கா...” என்று ஆரம்பித்தான்.

உஷார் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

“...வயிற்றில் எதுவும் இல்லை” என்றான் அரைவாய், வால் வரைக்கும்.